எக்ஸ்ரே வெளிநாடு கிளம்பினார்

பஸ்ஸில் ஏறியதும் எக்ஸ்ரே யார் முகத்தையும் பார்க்க மாட்டார். தோள்களைத்தான் பார்ப்பார். டிக்கெட் எடுத்தவனின் தோள் இருக்கையில் சாய்ந்து கிடக்கும். எடுக்காதவனின் தோள் காதுவரை ஏறி நிற்கும். அப்படிப்பட்டவன் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருப்பான். அந்தத் தெருவையே விலை பேச வந்தவன் மாதிரி அவ்வளவு அக்கறையாகப் பார்ப்பான். எக்ஸ்ரே நேரே அவனிடம் போய்க் கையை நீட்டுவார். பேச மாட்டார். அவன் சட்டைப் பை, கால்சட்டைப் பை எல்லாம் தடவிவிட்டு, கடைசியில் பக்கத்தில் இருப்பவரின் பையையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, "இங்கதான் சார் வச்சேன்" என்பான். "வைக்கல தம்பி. இறங்குங்க" என்பார், கோபமே இல்லாமல்.

அவருக்கு அந்தப் பெயரை வைத்தவர் அதே டெப்போவில் வண்டி ஓட்டுகிற ஹாரன். ஹாரனுக்கு அந்தப் பெயர் ஏன் வந்தது என்பது அவர் வாயைத் திறந்தால் தெரிந்துவிடும். கண்டக்டராகச் சேர்ந்து, படிப்படியாகச் செக்கரான எக்ஸ்ரேக்குத் தன் பெயரில் கொஞ்சம் பெருமைதான். ஆனால் தொழிலில் வாங்கின பெயரை அவர் பணிமனையில் கழற்றி வைத்துவிட்டு வருவதில்லை. வீட்டுக்கும் எடுத்து வந்துவிடுவார். பால் பாக்கெட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். தண்ணீர் கேன் போடுகிறவர் மூடியைத் தட்டிக் காட்டினால்தான் கதவு முழுதாகத் திறக்கும். மகளுக்கு வெளியூர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கிடைத்தபோது தெருவே வந்து வாழ்த்தியது. இவர் மட்டும் சொல்லாமல் கொள்ளாமல் அந்த ஊருக்குப் போய், இருமிக்கொண்டே வெளி நோயாளிகள் வரிசையில் உட்கார்ந்து, அங்கே உண்மையிலேயே வைத்தியம்தான் நடக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தார்.

கல்யாணம் பேச வந்த காலத்திலேயே இப்படித்தான். பெண்ணின் அண்ணனைத் தனியே கூப்பிட்டு, "உங்க தங்கச்சிக்கு நல்ல நல்ல இடமா வரும்போல இருக்கே, என்னத்துக்கு எனக்குக் குடுக்கறீங்க, ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். அண்ணன் முழித்தார். உள்ளேயிருந்து பெண்ணின் குரல் வந்தது: "குறை ஒண்ணு இருக்கு. யார் என்ன கேட்டாலும் எனக்குச் சட்டுனு கோவம் வராது. வேணுமா வேண்டாமான்னு கேட்டுச் சொல்லுண்ணே."

அந்தக் கோபம் வராத பெண்தான் இன்றைக்குத் தெருவே 'தையலக்கா' என்று கூப்பிடுகிறவள். வீட்டின் முன்னறைதான் அவள் கடை. தெருவைப் பார்த்த ஜன்னலை ஒட்டி மெஷின். அதன் பக்கத்தில் வெட்டும் பலகை. சுவரில் ஆணிக்கு ஒன்றாக, பாதி தைத்த கவுன்களும் பள்ளிக்கூடச் சட்டைகளும் தொங்கும். அவள் வேலை செய்யும்போது வாயில் குண்டூசிகளைக் கடித்துக்கொண்டிருப்பாள். அதனால் அவள் பேச்சு பாதி உதட்டிலும் பாதி புருவத்திலும் நடக்கும்.

மொத்த ஜவுளிக்காரர் போடும் துணிகளில் ஒரு ரகம் அவளுக்குத் தனிப் பிரியம். கடல் தாண்டி எங்கிருந்தோ வருகிற அச்சுத் துணி. கத்தரிக்காய் நிறத்தில் மஞ்சள் பூ, செங்கல் நிறத்தில் நீலக் கொடி என்று, சேராத நிறங்களை எல்லாம் சண்டை போடாமல் உட்கார வைத்திருப்பார்கள். துணியின் ஓரத்தில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு குருவி அச்சு இருக்கும். ஓரத்தை வெட்டி எறிவதுதான் வழக்கம். தையலக்கா குருவியை எறிய மாட்டாள். பையின் உள்துணியாக, யார் கண்ணிலும் படாத இடத்தில் வைத்துத் தைத்துவிடுவாள். தெருவில் பாதிப் பேர் தங்கள் சட்டைப் பைக்குள் ஒரு குருவியோடுதான் நடமாடுகிறார்கள், அவர்களுக்கே தெரியாது.

ஒரு நாள் சாயங்காலம் எக்ஸ்ரே ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தபோது அவள் குண்டூசிகளை எடுத்து வைத்துவிட்டுப் பேசினாள். குண்டூசியை எடுத்துவிட்டால் விஷயம் பெரியது என்று அர்த்தம்.

"என்னங்க, குருவி ஊருக்குப் போயிட்டு வரலாமா?"

"எந்தக் குருவி?"

அவள் போனை நீட்டினாள். மகள் தேடிப் பிடித்துக் கொடுத்திருக்கிறாள். ஆற்றங்கரை நெடுகத் துணி காய்கிறது. ஒரு தெரு முழுக்க நீலச் சுவர். இன்னொரு தெருவில் கதவுக்கு ஒரு நிறம். கடைப் பலகைகளில் எழுத்துகள் தையல்காரி துணியில் போடும் சாக்பீஸ் கோடு மாதிரி வளைந்து வளைந்து போகின்றன. நடுவில் ஒரு பட்டறை வாசலில் அதே குருவி. அதை நடத்துகிற அம்மா பட்டறைக்கு மேலே இருக்கும் அறையை வருகிறவர்களுக்குத் தங்கக் கொடுக்கிறாளாம். தையலக்கா அவளுக்கு அதற்குள் 'குருவியம்மா' என்று பெயரும் வைத்திருந்தாள்.

"எதுக்கு?" என்றார் எக்ஸ்ரே. பஸ்ஸில் 'எங்க ஏறினீங்க' என்று கேட்கும் அதே குரல்.

"என் கை வழியா எவ்வளவோ துணி போயிருக்கு. நான் வெட்டித் தச்சுக் குடுத்தேன், யார் யாரோ போட்டுட்டுப் போயிட்டாங்க. அது எங்கேர்ந்து கிளம்பி வருதுன்னு ஒரு தடவ பாக்கணும். வேற ஒண்ணும் கேக்கல."

உண்மையில் அவள் அதிகம் கேட்டவள் இல்லை. முன்பு ஒரு தடவை கடற்கரை ஊருக்குப் போகலாம் என்றாள். லாட்ஜ் போட்டோவில் கட்டில் மட்டும் தெரிகிறது, கதவு தெரியவில்லை என்று இவர் வேண்டாம் என்றார். பிறகு ஒரு மலைக்குக் கேட்டாள். சுற்றுலா பஸ்ஸின் டயரைப் போய்க் குனிந்து பார்த்துவிட்டு வந்து, அதையும் வேண்டாம் என்றார். அவளுக்குக் கோபம் வரவில்லை. பிறகு கேட்கவும் இல்லை, இந்தக் குருவி வரும்வரை. பள்ளிச் சீருடைக் காலம் முடிந்து அவளுக்குக் கை ஓய்வது வருஷத்தில் ஒரே ஒரு மாதம். அந்த மாதம் வந்துகொண்டிருந்தது.

எக்ஸ்ரே வேண்டாம் என்று சொல்லவில்லை. 'பார்க்கலாம்' என்றார். அவர் பார்க்கலாம் என்றால் நிஜமாகவே பார்ப்பார்.

மகள் போனில் திட்டத்தைச் சொன்னாள். கூட்டம் குறைந்த மாதம், அதனால் கப்பல் டிக்கெட் மலிவு. துறைமுகம் வரை அப்பாவின் இலவசப் பாஸ் செல்லும். அங்கே ஊருக்குள் டாக்சி வேண்டாம், பஸ் இருக்கிறது. சாப்பாடு குருவியம்மா வீட்டிலேயே. பதிலுக்குக் காலையில் கொஞ்ச நேரம் துணி மடிக்க உதவினால் போதும். மாடி அறைக்குக் குருவியம்மா கேட்கிற வாடகையைச் சொன்னதும்தான் எக்ஸ்ரேயின் புருவம் ஏறியது.

"இவ்ளோ கம்மியாவா? அந்த விலைக்கு நம்ம ஊர்ல நாய்க்குட்டியக்கூட ஒரு ராத்திரி வச்சுக்க மாட்டாங்களே பாப்பா."

"கீழ பட்டறைப்பா. சாய வாடை அடிக்கும், விடிஞ்சதும் அச்சுக் கட்டையத் தட்டுவாங்க. தூங்க முடியாதுன்னு அந்தம்மாவே எழுதியிருக்கு. அதான் கம்மி."

"குறையத் தானா சொல்றாங்களா? அப்ப அதவிடப் பெருசா எதையோ மறைக்கிறாங்க."

மகள் தலையில் அடித்துக்கொண்ட சத்தம் போனில் கேட்டது.

அதற்குப் பிறகு விசாரணை ஆரம்பமானது. அவர் தமிழில் பேசினால் குருவியம்மாவின் மொழியில் போய்ச் சேரும்; அவள் எழுதுவது தமிழாகித் திரும்பி வரும். அப்படி ஒரு ஆப்பை மகள் அம்மாவின் போனில் போட்டுக் கொடுத்திருந்தாள். எக்ஸ்ரே அதன் முன்னால் உட்கார்ந்து கேள்வி கேட்டார். மாடி அறைக்குத் தாழ்ப்பாள் உள்பக்கமா வெளிப்பக்கமா. படிக்கட்டு வீட்டுக்குள்ளே இருந்து ஏறுகிறதா, தெருவில் இருந்தா. போலீஸ் ஸ்டேஷன் எவ்வளவு தூரம், அவர்கள் எப்படிப்பட்டவர்கள். பக்கத்து வீட்டில் யார், அவர்களோடு பழக்கம் எப்படி. குருவியம்மா ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் போட்டாள். ஆப் அதைப் பழைய பாடப்புத்தகத் தமிழில் வாசித்தது: "அன்புள்ள விருந்தினரே, அண்டை வீட்டில் வசிப்பவர் என் தம்பி. எங்களுக்குள் பல ஆண்டுகளாகப் பேச்சு இல்லை."

எக்ஸ்ரே அந்த வரியை மறுபடி வாசிக்க வைத்தார். நாற்காலியில் சாய்ந்தார்.

"பொய் சொல்றவ தம்பியோட சண்டைன்னு சொல்ல மாட்டா," என்றார். "இது பரவால்ல."

தையலக்காவுக்கு அது போதும். அவரிடம் இருந்து 'பரவாயில்லை' வாங்குவது அரசாங்கத்தில் முத்திரை வாங்குவது மாதிரி. மகள் வெளிநாட்டு வேலைக்குப் போனால் பார்க்கப் போகலாம் என்று எடுத்து, பீரோவில் தூங்கிக்கொண்டிருந்த பாஸ்போர்ட்டுகளை எடுத்துத் துடைத்து மேஜை மேல் வைத்தாள். "இத்தன நாளா நீங்களே கேள்வி கேட்டுட்டு இருந்தீங்க. நாம யாருன்னு அவங்களுக்கு ஒரு வார்த்த சொல்ல வேண்டாமா?" என்று போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ஊசியில் நூல் கோக்கிற மாதிரி அதைக் கண்ணுக்குக் கிட்டத்தில் பிடித்துக்கொண்டு, கூச்சத்தோடு ஆரம்பித்து, பிறகு சரளமாகப் பேசினாள்.

"வணக்கம்மா. எங்க வீட்டு முன்ரூம்லதான் நான் தொழில் பண்றேன். சின்ன வயசுலேர்ந்து இதே வேலைதான். கழுத்து வெட்டுறதுல எங்க தெருவுல என்னை அடிச்சுக்க ஆளில்ல. கையெல்லாம் கண்ண மூடிக்கிட்டு வெட்டுவேன். சின்னப் புள்ளைங்கன்னா அளவே வேண்டாம், பாத்தாலே போதும். எங்க வீட்டுக்காரரு பஸ்ல ஏறி ஆளப் பிடிக்கிறவரு. இதுவரைக்கும் ஒருத்தனும் தப்பிச்சதில்ல. உங்க வீட்ல தங்கி உங்க தொழிலையும் பாக்கணும்னு ரொம்ப ஆச. வரும்போது என் கத்தரியையும் எடுத்துட்டு வர்றேன்."

"நல்லா சொல்லிட்ட," என்றார் எக்ஸ்ரே. தன்னைப் பற்றிய வரி அவருக்குப் பிடித்திருந்தது.

அதற்குப் பிறகு குருவியம்மாவிடமிருந்து பேச்சே இல்லை. அதுவரை உடனுக்குடன் பதில் போட்டவள். தையலக்கா ஒரு கை தைப்பாள், போனை எட்டிப் பார்ப்பாள். ஒரு பட்டி மடிப்பாள், மறுபடி பார்ப்பாள். கடைசியில் ஒரு மத்தியானம் பதில் வந்தது. எக்ஸ்ரே அன்றைக்கு வார விடுமுறையில் வீட்டில் இருந்தார். ஆப் வாசித்தது:

"மதிப்பிற்குரிய அம்மையாருக்கு. என் இல்லத்தில் சிறு குழந்தைகள் உள்ளனர். உங்கள் தொழில் உங்கள் நாட்டில் அனுமதிக்கப்பட்டதா என அறிய விரும்புகிறேன். மேலும், மாடி அறையின் கூரை ஒழுகுகிறது."

எக்ஸ்ரே எழுந்து நின்றார். அவருக்குப் பஸ்ஸில் ஆள் சிக்கும்போது வருகிற அந்த அமைதி வந்துவிட்டது.

"கூரை ஒழுகுதாமா? அங்க இப்ப மழையே கிடையாதுன்னு பாப்பா சொல்லிச்சே. பாத்தியா? அடுத்தது என்ன தெரியுமா? இந்த ரூம் இல்ல, வேற ரூம் இருக்கு, விலை மூணு மடங்குன்னு வரும். நான் முதல்லயே சொன்னேன்."

தையலக்காவின் காதில் கூரை விழவே இல்லை. அவள் வேறொரு வரியில் நின்றுகொண்டிருந்தாள்.

"தைக்கிறதுக்கு என்னங்க அனுமதி? புள்ளைங்க இருக்கிற வீட்ல தையல்காரி தங்கக் கூடாதா? அவங்களும் துணி வேலைதானே செய்றாங்க. அவங்களுக்கே நம்ம தொழில் எளக்காரமாப் போச்சா?"

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் பாஸ்போர்ட்டுகளைப் பீரோவில் வைத்து மூடினாள். அறைந்து சாத்தவில்லை. அறைந்திருந்தால்கூட அவருக்குப் பரவாயில்லை என்று இருந்திருக்கும்.

"நீங்க சொன்னது சரிதான். இனிமே நான் எங்கயும் கேக்க மாட்டேன்," என்று சொல்லிவிட்டுக் குண்டூசிகளை வாயில் வைத்துக்கொண்டாள்.

சண்டையில்லை, கோபமும் இல்லை. எக்ஸ்ரே வென்றுவிட்டார். வாழ்க்கையில் அவர் சந்தேகப்பட்டது சரியாகப் போகும்போதெல்லாம் ஒரு டம்ளர் டீ கூடுதலாகக் குடிப்பார். அன்றைக்கு டீ இறங்கவில்லை. முன்னறை வாசலில் நின்று அவள் முதுகைப் பார்த்தார். ஊரார் தோள்களை எல்லாம் படித்தவர், அந்தத் தோளை அதுவரை படித்ததில்லை. அது காதுவரை ஏறியும் நிற்கவில்லை, சாய்ந்தும் கிடக்கவில்லை. டிக்கெட் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, வண்டியைத் தவறவிட்டவளின் தோள் மாதிரி இருந்தது.

அவரை இன்னொன்றும் அரித்தது. வேறு அறை, வேறு விலை என்று ஒரு செய்தியும் வரவில்லை. நாள் போனது. குருவியம்மா எதையும் விற்க வரவில்லை. ஏமாற்றுகிறவர்கள் இவ்வளவு சோம்பேறிகளாக இருந்து அவர் பார்த்ததில்லை.

அந்த வாரத்திலேயே ஹாரன் ஓட்டிய வண்டியில் அவர் ஏறினார். நடுவரிசையில் ஒரு பெண். தோள் காதைத் தொடுகிறது. முகம் ஜன்னல் பக்கம். வலது கை இறுக மூடி மடியில். இதற்கு மேல் அத்தாட்சி வேண்டாம். எக்ஸ்ரே நேரே போய்க் கையை நீட்டினார். அந்தப் பெண் மூடிய கையைத் திறந்தாள். உள்ளே டிக்கெட் வியர்வையில் ஊறி, கசங்கி, கஞ்சியில் போட்ட காகிதம் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. சரியான டிக்கெட். சரியான ஊர்.

"இருக்குல்லம்மா? அப்புறம் ஏன் இப்படி உக்காந்திருக்கீங்க?"

"உங்களப் பாத்தா எடுத்த டிக்கெட்டும் எடுக்காத மாதிரி ஆயிடுதுங்க," என்றாள் அவள். அழுகிற குரல்.

பஸ் சிரித்தது. எல்லாருக்கும் மேலே ஹாரன் சிரித்தது முன்னாலிருந்து கேட்டது. கடைசி நிறுத்தத்தில் இறங்கி டீ குடிக்கும்போதும் அவர் விடவில்லை. "அண்ணே, உங்க எக்ஸ்ரே மெஷின ஒரு தடவ சர்வீசுக்கு விடுங்க. எலும்பு எது, பயம் எதுன்னு அதுக்கு வித்தியாசம் தெரியல" என்றார்.

எக்ஸ்ரேயின் கையில் டீ ஆறிக்கொண்டிருந்தது. பயந்தவளின் தோளும் திருடனின் தோளும் ஒன்றுபோல இருக்கும் என்பது அவர் மண்டையில் இப்போதுதான் ஏறிக்கொண்டிருந்தது. கூரை ஒழுகுகிறது என்றது பொய்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஏமாற்றுகிறவர்கள் ஆளை உள்ளே இழுக்கத்தான் பொய் சொல்வார்கள். இவள் வெளியே தள்ளச் சொல்லியிருக்கிறாள். வீட்டில் குழந்தை இருக்கிறது என்கிறாள். தொழிலுக்கு அனுமதி உண்டா என்கிறாள். இது கதவுக்குப் பின்னால் நின்று, சங்கிலியைப் போட்டுக்கொண்டு, 'யாரு' என்று கேட்கிற குரல். அந்தக் குரல் அவருக்கு நன்றாகவே தெரியும். அது அவருடைய குரல்தான்.

அப்படியானால் அவள் யாரைப் பார்த்துப் பயந்தாள்?

வேலை முடிந்து வீட்டுக்கு வந்தார். வாசலில் ஒரு ஷூவைக் கழற்றியிருப்பார், முன்னறையில் பேச்சு கேட்டது. பக்கத்துப் பள்ளிக்கூடத்து டீச்சர் ஜன்னலுக்கு வெளியே நின்று தன் மகளின் கவுனைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தாள். தையலக்கா குண்டூசி வாயோடு சொன்னாள்:

"கழுத்த வெட்டிட்டேன் டீச்சர். கை ரெண்டும் நாளைக்கு வெட்டிடறேன். சாயங்காலமா பொண்ண அனுப்பி விடுங்க."

"பாத்து வெட்டுங்கக்கா. போன தடவ கழுத்து ரொம்ப ஆழமாப் போயிடுச்சு."

"அது அவ ஆடிக்கிட்டே நின்னா. இந்தத் தடவ அசையாம நிக்கச் சொல்லுங்க."

எக்ஸ்ரே ஒரு கால் ஷூவோடு நின்றார். இத்தனை வருஷமாகக் கேட்டுக் கேட்டுக் காது மரத்துப்போன பேச்சு. இன்றைக்கு அதை முதல் தடவையாகக் கடல் தாண்டி நின்று கேட்டார். டீச்சர் போகும்வரை பொறுத்திருந்து உள்ளே வந்து, "போனக் குடு" என்றார்.

"எதுக்கு?"

"குடு சொல்றேன்."

அன்றைக்கு அவள் பேசினது அந்த நாட்டு எழுத்தில் போயிருந்தது. எக்ஸ்ரே அதை அப்படியே எடுத்து மறுபடி தமிழாக்கச் சொன்னார். ஆப் எந்த வெட்கமும் இல்லாமல் வாசித்தது:

"வணக்கம் அம்மா. நான் என் இல்லத்தின் முன்னறையில் தொழில் புரிகிறேன். இளமை முதல் கழுத்துகளை அறுத்து வருகிறேன். எங்கள் வீதியில் என்னைத் தாக்க எவரும் இல்லை. கரங்களைக் கண்களை மூடியபடி துண்டிப்பேன். சிறு குழந்தைகள் எனில் அளவே இல்லை. என் கணவர் பேருந்துகளில் ஏறி மனிதர்களைக் கைப்பற்றுகிறார். இதுவரை ஒருவரும் தப்பியதில்லை. உங்கள் இல்லத்தில் தங்க மிகவும் ஆசைப்படுகிறோம். என் கத்தரிக்கோலுடன் வருகிறேன்."

தையலக்கா மெஷினின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். வாயிலிருந்த குண்டூசிகள் மடியில் கொட்டின.

"ஐயோ, நான் சட்டக் கையத்தானே சொன்னேன்."

"அது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அந்தம்மாவுக்கு யாரு சொன்னா? இதுக்கு அப்புறமும் கூரை ஒழுகுதுன்னு மரியாதையா எழுதியிருக்கா பாரு. நானா இருந்தா ஊரையே காலி பண்ணியிருப்பேன்."

அவளுக்கு முதலில் சிரிப்பு வரவில்லை. அந்த அம்மா குழந்தைகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு படுத்திருப்பாளே என்று கண் கலங்கினாள். பிறகு கத்தரியைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள், 'மனிதர்களைக் கைப்பற்றுகிறவர்' ஒரு கால் ஷூவோடு நிற்பதை. அப்போதுதான் வந்தது அந்தச் சிரிப்பு. மூச்சு முட்டி, முந்திரிப்பழம் மாதிரி முகம் சிவக்கிறவரைக்கும் சிரித்தாள்.

விளக்கம் எழுதலாம் என்றால் எக்ஸ்ரே ஒத்துக்கொள்ளவில்லை. கத்தரி, கை என்று இன்னொரு தடவை வாயைத் திறந்தால் அங்கே ராணுவத்தைக் கூப்பிட்டுவிடுவார்கள் என்றார். "பேச்சே வேண்டாம். நம்மகிட்ட டிக்கெட் இருக்குன்னு காட்டணும், அவ்ளோதான்." சொல்லிவிட்டுத் தானே ஒரு கணம் நின்றார். ஆயிரம் பேரிடம் கையை நீட்டியவர் இப்போது காட்ட வேண்டிய பக்கத்தில் நிற்கிறார். சட்டைப் பையைத் தடவிப் பார்க்கிறவனின் அவஸ்தை இப்படித்தான் இருக்குமோ என்று தோன்றியது.

நூல் பெட்டிகளை அடுக்கிப் போனைச் சாய்த்து வைத்து வீடியோ எடுத்தார்கள். தையலக்கா குருவித் துணியை விரித்தாள். ஓரத்துக் குருவியைக் காட்டினாள். சாக்பீஸால் கோடு போட்டு, வெட்டி, வெட்டியதைத் தூக்கிக் காட்டினாள்: ஒரு கை. எக்ஸ்ரே கையில்லாத ஒரு சட்டையைப் போட்டுக்கொண்டு பலகைக்குப் பக்கத்தில் பொம்மை மாதிரி நின்றார். அவள் அந்தக் கையை அவர் தோளில் பொருத்திக் குண்டூசி குத்தினாள். ஒன்று நிஜமாகவே குத்திவிட்டது. அவர் துள்ளியதும் வீடியோவில் இருக்கிறது. அடுத்தது அவர் முறை. தொப்பியை மாட்டி, ஒற்றைக் கைச் சட்டையோடு நின்று, அவளிடம் கையை நீட்டினார். அவள் ஒரு பஸ் டிக்கெட்டைக் கொடுத்தாள். வாங்கிப் பார்த்து, கிழித்துத் திருப்பிக் கொடுத்து, தலையாட்டினார். வாழ்க்கையில் கேமரா முன்னால் அவர் சிரிக்க முயன்ற முதல் தடவை அது. பார்க்க நன்றாக இல்லை. தையலக்கா அதை வெட்டவில்லை.

அனுப்பிவிட்டுக் காத்திருந்தார்கள். இந்தத் தடவை போனை எட்டி எட்டிப் பார்த்தது எக்ஸ்ரே. "தோள இறக்குங்க, காதுல இடிக்குது" என்றாள் அவள்.

பதிலும் வீடியோவாகத்தான் முதலில் வந்தது. நீளமான மேஜையில் அச்சுக் கட்டையோடு நிற்கிற பெண்கள் எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். நடுவில் ஒரு குண்டு அம்மா தன் கழுத்தைத் தடவித் தடவிக் காட்டி, கும்பிடுகிற மாதிரி ஏதோ செய்கிறாள். அவளுக்குப் பின்னால் கதவோரம் ஒரு மீசைக்காரர் தடியோடு நின்று வெட்கப்படுகிறார். பின்னாலேயே எழுத்து வந்தது. ஆப் வாசித்தது:

"அன்புள்ள கை வெட்டும் அம்மாவே. கூரை ஒழுகவில்லை, மன்னிக்கவும். உங்கள் செய்தியைக் கண்டு அஞ்சி, என் தம்பியின் கதவைத் தட்டினேன். அவன் அன்று முதல் தடியுடன் என் வாசலில் உறங்குகிறான். உங்களால் நாங்கள் மீண்டும் பேசத் தொடங்கினோம். அவனுக்கும் உங்களைக் காண ஆவல். விரைந்து வாருங்கள். நீங்கள் வரும் வாரம் நாங்கள் குருதி காய்ச்சும் வாரம். பெரிய அண்டாவில் கொதிக்கும். நீங்கள் விரும்பினால் உங்கள் இருவரையும் முழங்கை வரை முக்கி எடுப்போம்."

எக்ஸ்ரேயின் புருவம் மெல்ல ஏற ஆரம்பித்தது. குருதி. அண்டா. முழங்கை வரை. தையலக்கா அந்தப் புருவத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது எவ்வளவு தூரம் ஏறும், எங்கே நிற்கும் என்பது அவளைவிட யாருக்குத் தெரியும்? கடற்கரையும் மலையும் அந்தப் புருவத்தில்தான் அடிபட்டுப் போயின.

புருவம் பாதியில் நின்றது. அவர் பலகை மேல் கிடந்த செங்கல் நிறத் துணியை இழுத்து, விரலால் தடவிப் பார்த்தார்.

"சிவப்புச் சாயமா இருக்கும்," என்றார்.

"கேட்டுப் பாத்துக்கலாமா?" என்றாள் அவள், வேண்டுமென்றே.

"வேண்டாம். போய்ப் பாத்துக்கலாம்."

அவள் எழுந்து போய்ப் பீரோவைத் திறந்தாள். பாஸ்போர்ட்டுகளை எடுக்கும்போது அவர் பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"ஏம்மா, அந்த மாடி ரூம் தாழ்ப்பாள் உள்பக்கம்னுதானே சொன்னா?"

"உள்பக்கம்தான்."

"சரி. எதுக்கும் ஒரு பூட்டு எடுத்து வை."

அவள் பூட்டையும் எடுத்து வைத்தாள், கத்தரிக்குப் பக்கத்தில்.